பதினாலாவது வரிசை

என் ஸ்டெல்லாக்காவுக்கு,

பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் தூக்கிவிட்டு "சொல்லு கண்ணு" என்பாயே, அப்படியே கேட்டுக்கொள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க எனக்குத் தெம்பில்லை.

உன் முப்பதாம் நாள் பூசைக்கு விவேக் நகர் கோயிலுக்கு வந்திருந்தேன். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முட்டி போடுவது, எனக்கு எதுவும் தெரியாது. முன்னால் நின்ற உன் பெண் ஜெனியின் முதுகைப் பார்த்து அவள் செய்ததையே செய்துகொண்டிருந்தேன். உன்னைப் போலவே கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் அவளும் நிற்கிறாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஹேண்ட்பேக்ல ஒரு டாக்டர் சீட்டு இருந்துச்சு ஆன்ட்டி. ஹார்ட்ல வால்வு சரியில்ல, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்னு இருக்கு. ஆறு மாசத்துக்கு முன்னாடி எழுதினது. ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"இல்லடா, யார்கிட்டயும் சொல்லல" என்றேன்.

"என்கிட்டயே சொல்லல. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவாங்க" என்று தலையாட்டினாள். நான் பொய் சொல்லவில்லை அக்கா. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆபீஸ் சமாச்சாரம் கேட்பாய். தொம்மலூரில் அதே மூன்றாவது மாடி, லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் படுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க ஆள் அனுப்பச் சொல்லி ஜனங்கள் அதே மாதிரி போன் செய்கிறார்கள், நாங்கள் அதே மாதிரி நேரம் குறித்துக் கொடுக்கிறோம். ஜன்னலோரத்து உன் நாற்காலியில் ஆனேக்கல்லிலிருந்து ஒரு பெண் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ரெண்டு பஸ் மாறி வருகிறாள், பாவம். உன்னைப் போல ஒரே மூச்சில் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிச் சமாளிக்க அவளுக்கு இன்னும் வரவில்லை.

இப்போது அந்த ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை நாள் தள்ளிப் போட்டாலும் அதற்குத்தானே வரவேண்டும்.

வருகைப் பதிவு ஷீட்டில் கலர் போடச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இன்றைக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். பதினெட்டுப் பேர், பதினெட்டு வரிசை, வெறும் கட்டங்களாகக் கிடந்ததை நான்தான் அழகு பண்ணுகிறேன் என்று உட்கார்ந்தேன். அவரவர் வரிசையை அவரவரே தினமும் நிரப்புவோம். வந்தால் பச்சை. லீவு என்றால் மஞ்சள். மாதத்தில் மூன்றாவது லீவு விழுந்தால் கட்டம் மட்டுமல்ல, அந்த ஆளின் வரிசை முழுக்கத் தானாகவே சிவப்பாகிவிடும். மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாளே சுவரில் இருந்த டிவியில் அதை ஓடவிட்டார். ரெண்டு மாதம் தொடர்ந்து சிவப்பு என்றால் கூப்பிட்டு விசாரிப்பேன் என்றார்.

நீ இடுப்பில் கைவைத்து டிவியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, சிக்னல்ல நிக்கிற மாதிரியே இருக்குது" என்றாய். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

முதலில் சிவப்பானது நீதான். பதினாலாவது வரிசை. அதற்குக் கீழே பதினைந்தில் நான், பச்சைப்பசேல் என்று. அடுத்த மாதத்திலிருந்து நீ ஒரு லீவுகூட எடுக்கவில்லை. "பாத்தியா அக்கா, கலர் போட்டதும் எப்படி ஒழுங்கா வர்ற" என்று உன்னைச் சீண்டினேன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

லிஃப்ட் ஓடாத நாட்களில் ரெண்டாவது மாடித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். "வெயிட்டு போட்டுட்டேன் செல்வி, நீ முன்னாடி போ" என்பாய். நானும் போய்விடுவேன். லாகின் நேரம் தப்பக் கூடாதே.

ஒரு மத்தியானம், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். "உன் ஷீட்ட ஒருவாட்டி நல்லா பாரு. கடைசியில ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம் வெச்சிருக்கியே, அதையும் பாரு" என்றாய். நான் இருந்த இடத்திலிருந்தே டிவியை அண்ணாந்து பார்த்தேன்.

"காலியாத்தானேக்கா இருக்கு."

"காலியாவா இருக்குது?" என்று சிரித்தாய். "செரி வுடு. இந்தா, கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பு ஊத்திக்கோ."

ஊற்றிக்கொண்டேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன். அதற்கப்புறம் நீ எட்டு நாள் வேலைக்கு வந்தாய். எட்டும் பச்சை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் கோயிலுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டக் குனிந்தவள் எழுந்திருக்கவில்லை என்று ஜெனி போன் செய்தாள்.

பூசைக்கு ரெண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். பழைய மாதங்களின் ஷீட்டெல்லாம் ஹெட் ஆபீஸுக்குப் போகணும், அவங்களுக்குக் கலர் வேண்டாம், எல்லாம் எடுத்துட்டு வெறுமனே அனுப்பு என்றார். "அப்படியே இந்த மாசத்துல ஸ்டெல்லா வரிசையையும் எடுத்துடு செல்வி" என்றார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், அதைச் சொல்ல வேண்டும்.

நீ கடைசியாக வந்த மாதத்து ஷீட்டைத் திறந்து, மொத்தத்தையும் பிடித்து, ஃபார்மட்டை அழி என்று கொடுத்தேன். பச்சையும் மஞ்சளும் போயின. உன் வரிசையின் கடைசியில் கருப்பாக எழுத்து முளைத்திருந்தது. ரிமார்க்ஸ் கட்டத்தில் ஆரம்பித்து, வலது பக்கமாக ஒரே வரியாக ஓடிக்கொண்டே போனது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய் அன்டூ அடித்தேன். எழுத்து மறைந்தது, கட்டம் பழையபடி காலியானது. மறுபடி அழித்தேன். மறுபடி நீ வந்தாய்.

வெள்ளைக் கட்டத்தில் வெள்ளை எழுத்து. அந்த வித்தையைச் சொன்னதும் நான்தான். கூட்டல் கழித்தலை மறைக்க ஒருநாள் அப்படிச் செய்து காட்டி, "யாருக்கும் தெரியாதுக்கா" என்று பெருமை அடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாய். அஞ்சாம் தேதி படியில ரெண்டு தரம் நின்னேன். ஒம்போது, கால் வீங்கிச்சு, செருப்பு ஏறல. பதினாறு, கஸ்டமர்கிட்ட பேசும்போதே மூச்சு முட்டுச்சு, மியூட்ல போட்டேன். இருபது, நாலு நாள் லீவு கேக்கலாம்னு பாத்தேன், மறுபடி செவப்பு ஆயிடும், ஜெனி டிகிரி முடிக்கட்டும். அதற்கு முந்தைய மாதத்திலும் இருந்தது. அதற்கு முந்தையதிலும்.

கடைசியாக, நீ எனக்குக் குழம்பு ஊற்றிய அந்த நாளில்: ரிமார்க்ஸ் பாருன்னு சொல்லிட்டேன். செல்வி பாத்தா கேப்பா.

அந்தக் கட்டத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்திருந்தால் போதும். கலர் எதுவானாலும் உள்ளே இருப்பதை மேலே இருக்கும் பட்டை கருப்பு எழுத்தில் காட்டிவிடும். நான்கு மாதமாகத் தினமும் அந்த ஷீட்டைத் திறந்தேன். நிறத்தைப் பார்த்தேன், கட்டத்தைத் தொடவில்லை.

வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பேனா, இல்லை மூன்றாவது லீவு ஆகப்போகிறது என்று ஞாபகப்படுத்தியிருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

சிவப்பை எடுத்துவிடலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "நல்லாத்தானே ஓடுது, இருக்கட்டும்" என்றார். நான் மல்லுக்கு நிற்கவில்லை. அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. காலையில் வந்ததும் ஒவ்வொருத்தர் ரிமார்க்ஸ் கட்டமாகத் தொட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். யாரும் எதுவும் எழுதுவதில்லை.

உன் வரிசையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் கீழே இருந்தவர்கள் எல்லாம் ஒருபடி மேலே ஏறிவிட்டோம். பதினாலில் இப்போது என் பேர் இருக்கிறது. நீ எழுதியதை மட்டும் ஒரு தாளில், நல்ல கருப்பு எழுத்தில், தமிழிலேயே எடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் அதை ஜெனியிடம் கொடுக்கப் போகிறேன். அவள் இனி என் முகத்தில் விழிக்காமல் போகலாம். போனாலும் கொடுப்பேன். அம்மா யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள் என்று அந்தப் பெண் காலம் பூரா நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அம்மா சொன்னாங்கடா, என்கிட்டதான் சொன்னாங்க, நான்தான் பாக்கல என்று சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்போது உன் வரிசையில் இருக்கும்
உன் தங்கச்சி,
செல்வி