யானைச் சுவரொட்டியின் வெள்ளைப் பட்டை

அன்புள்ள மகளுக்கு,

நீ ஆற்றுக்கு அந்தப் பக்கம், லொங்குய்ய்க்குக் குடிபோனபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. தொலைபேசியில் எனக்குப் பனியைப் பற்றி மட்டும்தான் கதைக்க வருகிறது.

யானைமேல் ஒரு பெண் நிற்கும் பழைய ரஷ்ய சர்க்கஸ் சுவரொட்டி உனக்கு ஞாபகமிருக்கும். அதன் அடியில் ஒரு வெள்ளைப் பட்டை. சர்க்கஸ் போகும் ஊரையும் நாளையும் பிறகு அதில் அச்சடிப்பார்கள் என்று நான்தான் உனக்குச் சொன்னேன். ஆறு வயதில் நீ அதைச் சிவப்புக் கிரேயோனால் பிரெஞ்சில் நிரப்பினாய்: "இன்று, எங்கள் வீட்டில்." அன்று நான் போட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அதன்பிறகு நீ என் சுவரொட்டிச் சேகரிப்பு அறைக்குள் வந்ததில்லை.

போன கிழமை அதே சுவரொட்டி, பட்டை வெறுமையாக, ரீகாவிலுள்ள ஒரு பழஞ்சுவரொட்டி வியாபாரியிடமிருந்து வந்தது. இருபது வருடம் தேடியது. அலுமாரிக்கடியில் கிடந்த உன்னுடையதையும் எடுத்து, இரண்டையும் மேசையில் விரித்து வெகுநேரம் பார்த்தேன். புதியது எந்த ஊருக்கும் போகாத சர்க்கஸ்.

பேனையை எடுத்தேன். தேத்தண்ணியோடு வந்த அம்மா, "உங்களுக்கென்ன விசரே? எழுதினா அது பேந்து ஒண்டுக்கும் உதவாது" என்றாள்.

"ஓம், தெரியும்" என்றேன்.

உன்னுடையது இப்போது சட்டம் போட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. புதியதைச் சுருட்டி இத்துடன் அனுப்புகிறேன். பட்டையைப் பார். மையால்தான் எழுதியிருக்கிறேன், அழியாது.

"ஞாயிறு, நான்கு மணி, எங்கள் வீட்டில்."

அப்பா