அடித்த வரி

காரைக்காலுக்கு ரயில் திரும்ப வந்து, ஊரே வேலை மெனக்கெட்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததே, அதை ஒட்டி வந்த பொங்கல் அது. நம் அம்பகரத்தூர்ப் பிள்ளைகள் அன்றுதான் முதல் நாடகம் போட்டார்கள்.

இன்று காலை கலைச்செல்வி நீ எழுதிய அந்த நாடக நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உன் மூக்குப்பொடி வாசனை இன்னும் அதை விட்டுப் போகவில்லை. உன் மகன் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். அன்று மகள் வேஷம் கட்டிய அந்தப் பிள்ளைதான், இப்போது நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள்.

ஆபீசில் பைல் தூக்கிய உன்னைப் பிள்ளைகள் 'சார்' என்றார்கள். உனக்கும் எனக்கும் ஒரே வயசு, என்னை மட்டும் 'பெருசு'. ஒத்திகையில் உனக்கு நாற்காலி, நோட்டு, டீ. எனக்குப் படுதாக் கயிறு. யாராவது வசனம் மறந்தால், உன் விரல் வரியைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிடும். இரண்டு தடவை கேட்டதிலேயே முழு நாடகமும் எனக்குள் இறங்கியிருந்தது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எடுத்துக் கொடுத்தேன்.

"இருங்க பெருசு, சார் பாத்துச் சொல்லட்டும்" என்றான் ஒருவன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

கடைசி மூன்று நாள் எனக்குப் பூவத்தில் அறுப்பு, ஒத்திகைக்கு வரவில்லை. நாடகத்தன்று சாயங்காலம் வயலிலிருந்து நேரே வந்து கயிற்றைப் பிடித்தேன். மேடைக்குக் கட்டில் தூக்கி வந்தவர்கள் உன் மூக்குக் கண்ணாடியை மிதித்து நொறுக்கினார்கள். நோட்டு உன் கையில்தான், எழுத்துதான் தெரியவில்லை. மறைக்க மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா ஏதோ தாளில் கைநாட்டு வைத்து மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுகிற கட்டம். கலைச்செல்வி பேச்சு வராமல் நின்றாள். நீ நோட்டை மூக்குவரை கொண்டுபோனாய். நான் படுதா மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"படிச்சிருந்தா அந்தத் தாள்ல என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கும். கட்டவிரல வச்சு என் படிப்ப நிறுத்திட்டீங்களேப்பா!"

அவள் அப்படியே சொன்னாள். அப்புறம் ஒரே கைதட்டல். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்தாய்.

"யோவ், அத நான் அடிச்சிட்டேன்யா!"

"நோட்டுல நீ போட்ட கோடு என் காதுல எப்படியா விழும்?"

"நீளமா இருந்துச்சுன்னு அடிச்சேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

கடைசியில் அந்த வரியைப் புகழ்ந்து பேசி உனக்குச் சால்வை போட்டார்கள். நீயும் போட்டுக்கொண்டாய். நான் கயிற்றைச் சுருட்டினேன். அதற்கப்புறம் எத்தனை கல்யாணத்தில் அந்தச் சால்வையோடு நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்! ஒரு வாய்கூட எனக்கு நிம்மதியாக இறங்கியதில்லை.

இன்று கலைச்செல்வி அந்தப் பக்கத்தைப் படித்தாள். அடித்த வரிக்குப் பக்கத்தில் என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறாயாம்: 'இந்த வரி அவனைச் சுடும் என்று அடித்தேன். அவனே எடுத்துக் கொடுத்துவிட்டான். சால்வை அவனுடையது.'

படிக்கத் தெரியாதவனுக்கு யாராவது எழுதி வைப்பார்களா? வாயால் ஒரு தடவை சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் மறந்திருப்பேனா? நான் உன் மேல் எரிந்துகொண்டிருந்தபோது, நீ என்னை நினைத்து ஒரு வரியை அடித்திருக்கிறாய். இதிலும் நீதான் முந்திக்கொண்டாய். இந்தப் பொறாமையை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது?

அன்று படுதாவுக்குப் பின்னால் நின்ற பெரிய ஆட்கள் நாலு பேர். துணி தைத்தவர் போனார். ஆர்மோனியக்காரர் போனார். போன ஆடியில் நீ. நாடகம் மட்டும் இன்னும் என் வாயில் முழுசாக இருக்கிறது, நீ அடித்த வரியோடு.

"கடைசியில யார் பேரு போடணும், பெருசு?" என்கிறாள் கலைச்செல்வி.

மிச்சம் இருக்கிறவன் பெயரைப் போடு என்றேன்.

காத்தமுத்து.