தூறலில் ஒரு சுற்று

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை கட்டியிருந்த சேலையை இன்றைக்குத்தான் துவைக்க எடுத்தேன். வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் குளியலறை முழுக்க அந்த வாடை. நனைந்த தார், மோட்டார்ப் புகை, அதற்கடியில் நசுங்கிய செம்பனைப் பழத்தின் எண்ணெய் வாடை. சேலையை வாளியிலேயே விட்டுவிட்டு இந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்து முன்னே பின்னே இருக்கும். உங்களுக்கு அது புதிதில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நிற்கும்போது என் கையெழுத்தைப் பார்த்து, "கோழி கிளறின மாதிரி இருக்கு தங்கச்சி, ஆனா கோழி எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியுது" என்று சொன்னவர்தானே நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் நான்கு வருடத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். அது உங்களுக்குத் தெரியாத கதையில்லை. ஆனால் அதில் என் பங்கை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நம் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, மருந்தடிக்கிற சின்ன விமானம் இறங்க ஒரு தார்த் திடல் போட்டார்கள். கொஞ்ச காலத்தில் விமானம் வருவது நின்றுபோனது. பக்கத்து ஜாசின் ஊர்ப் பையன்கள் ஞாயிறுகளில் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகலாமா என்று கேட்டு வந்தார்கள். தோட்டத்து ஆள் ஒருவர் பொறுப்பு ஏற்றால் சரி என்றார் மானேஜர். அப்போது நீங்கள் எங்களை மேற்பார்க்கிற தண்டல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். உங்களுக்குக் கீழே முப்பது வருடம் மரம் சீவிய நானும் வீட்டில் சும்மா இருந்தேன். நீங்கள் கொடி பிடித்தீர்கள். நான் திடல் வாசலில் வருகிறவர்கள் பெயர் எழுதினேன், தேத்தண்ணி கலக்கினேன்.

உள்ளே எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று தெரிய ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். பால் பிடிக்கிற பழைய மங்குகளைப் பலகையில் வரிசையாக வைத்தீர்கள், ஆளுக்கு ஒன்று. ஓட்டப் போகிறவன் தன் மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போக வேண்டும், திரும்பி வந்தால் கவிழ்த்து வைக்க வேண்டும். மழை நாளில் மரத்தில் மங்கைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போவோமே, அது மாதிரி. பையன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உங்களுடையதுதான். உங்கள் பழைய மோட்டாரில் ஒரு சுற்று போய்ப் பார்க்காமல் ஒருத்தனையும் உள்ளே விடமாட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலாக்காவிலிருந்து பந்தயக் குழுக்காரர் ஒருவர் வந்திருந்தார். இடுப்பில் பேஜர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. என் பேரன் தயாளனைப் பார்க்கத்தான் வந்தார். தயாளனுக்கு அப்போது பத்தொன்பது. பட்டறையில் கறுத்த கையோடு திரிந்தவனை ஒரு ஆள் தேடி வந்திருக்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே அவன் ஹெல்மெட்டுக்குத் திருநீறு பூசிவிட்டேன்.

பத்து மணிக்குத் தூறல் விழுந்தது. குழுக்காரர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டம் இல்லன்னா சொல்லிடுங்க பெரியவரே, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "தங்கச்சி, இன்னிக்கு வேணாம்னு தோணுது."

"என்னண்ணே, இந்தத் தூறலுக்கா? இதைவிடப் பெரிய தூறல்ல எங்களை மரத்துக்கு விரட்டினவரு நீங்க."

"அது மரம். இது தாரு."

நான் குனிந்து தாரில் உள்ளங்கையை வைத்தேன். விடியற்காலையில் நீங்கள் மரப்பட்டையில் கை வைத்துப் பார்ப்பீர்களே, அதேபோல. கையில் தண்ணீர் ஒட்டினால் அன்றைக்குச் சீவல் இல்லை. ஒட்டாவிட்டால் தூறல் ஒரு கணக்கே இல்லை, கத்தியை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நாம் அறிந்த மழைச் சட்டம் அது ஒன்றுதான். பெருமழைக்குப் பயப்படு, தூறலுக்குப் பயப்படாதே.

"பாருங்க, கையில ஒட்டல. மரமா இருந்தா சீவியிருப்போம்லா."

நீங்கள் சிரித்தீர்கள். "பேரனுக்காக என் சட்டத்தை எனக்கே போடுறியா? சரி, ஒரு சுத்து போயிட்டு வந்து சொல்றேன்." மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனீர்கள்.

உங்கள் மோட்டார்ச் சத்தம் எனக்கு மனப்பாடம். திடல் முழுக்கப் போய், கடைசியில் எண்ணெய் ஆலைப் பாதை வந்து சேருகிற வளைவில் கொஞ்சம் குறைந்து, செம்பனை வரிசைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு நம் பக்கம் வரும். அன்றைக்கும் வந்தது. வரிசைக்குப் பின்னால் கிட்டத்தில் வந்து, வெளியே வராமல், மறுபடி தூரமாகப் போனது. "இன்னொரு சுத்து போறாரு" என்றான் தயாளன். மறுபடி வந்தது, மறுபடி போனது. குழுக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "இந்த வயசுலயும் எப்படி ஓட்டுறாரு பாருங்க" என்று பெருமையடித்தேன்.

அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். உங்கள் மங்கு ஒன்றுதான் நிமிர்ந்திருந்தது. அதன் அடி மறைகிற அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தது. தூறலில் அவ்வளவு தண்ணீர் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று மரம் சீவினவளுக்குத் தெரியாதா?

வளைவில் கிடந்தீர்கள். மோட்டார் ஒருபக்கமாகச் சாய்ந்து, கைப்பிடி மண்ணில் புதைந்து, நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது. பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. நீங்கள் கால்வாயில், ஹெல்மெட்டோடு, தூங்குகிற மாதிரி. விழுந்த உடனே போயிருக்கும் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

விழுந்த மோட்டார் ஒரே இடத்தில் கிடந்துதானே கத்தும்? கிட்டே வந்து தூரப் போனது எது? நான்கு வருடமாக நானும் யோசித்துப் பார்க்கிறேன், அண்ணே. காற்று என்று தயாளன் சொன்னான். அன்றைக்குக் காற்றே இல்லை. ஓலை அசையவில்லை.

விழுந்த காரணம் மட்டும் பிறகு தெரிந்தது. வாரநாட்களில் பழ லோரிகள் அந்த வளைவில் திரும்பித்தான் ஆலைக்குப் போகின்றன. சிந்துகிற பழத்தை டயர் நசுக்கி, எண்ணெய் தாருக்குள் இறங்கி, மேலே புழுதி மூடிவிடுகிறது. தூறல் அதை மேலே எழுப்பும், ஆனால் கழுவாது. பெருமழை அடித்துக் கழுவிவிட்டால் மெதுவாக ஓட்டலாம். தூறலில்தான் ஓட்டக்கூடாது. நம் மழைச் சட்டம் அங்கே தலைகீழாக நின்றது. நான் கை வைத்த இடமோ வாசல். லோரி ஏறாத இடம்.

உங்கள் காரியம் முடிவதற்குள்ளேயே ஊர் பேசிவிட்டது. "கிழவருக்குப் பிடிவாதம், மழையில போகாதன்னா கேட்டாத்தானே" என்றார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். வாய் திறக்கவில்லை. மாதங்கள் கழித்துத் திடலை மறுபடி திறந்தபோது பையன்கள் என்னிடம் வந்து, "பாட்டி, நீங்கதான் நிதானமானவங்க, இனிமே கொடி உங்க கையில" என்றார்கள். வாங்கிக்கொண்டேன், அண்ணே. அந்தக் கொடியை நான் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தூறல் விழுந்தால் ஓட்டம் கிடையாது. காரணம் கேட்டால் எண்ணெய்க் கதையைச் சொல்வேன். தூறலில் எனக்குக் கேட்கிற சத்தத்தைப் பற்றிச் சொன்னதில்லை. எல்லா மங்கும் கவிழ்ந்த பிறகு, தேத்தண்ணிக் குவளைகளைக் கழுவும்போது, செம்பனை வரிசைக்குப் பின்னால் உங்கள் மோட்டார் வரும், போகும். கிழவி காதில் கேட்கிற சத்தம்தானே என்று விட்டுவிட்டேன். போன வருடம் காடு எரிந்த புகைமூட்டத்தில் இரண்டு மாதம் திடலே மூடிக் கிடந்தது. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தார்கள். தூறல் விழுந்ததும் கொடி காட்டினேன். பதினொரு மோட்டாரும் வந்து நின்றன, பதினொரு மங்கும் கவிழ்ந்தன. தயாளன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். அடுத்த வாரம் அவனுக்குப் பந்தயம்.

"பந்தயத்துல மழை பெய்ஞ்சா நிறுத்தமாட்டாங்க பாட்டி. காஞ்ச ரோட்டுலயே பழகிட்டு, அங்க போயி முதல் தடவையா மழையில ஓட்டவா? அதுதான் ஆபத்து."

அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. எனக்குத் தெரியும். "கொட்டி ஒரு மணி நேரம் கழுவட்டும், வளைவைத் தேய்ச்சுப் பார்த்துட்டு நானே விடுறேன்" என்றேன்.

"இது கொட்டாதுலா. பாட்டியைக் கேட்டுத்தான் மழை பெய்யுமா?" மற்றவர்கள் சிரித்தார்கள்.

அப்போது ராஜூ என்று ஒரு பையன், முதல் தடவை வந்தவன், நம் கதை எதுவும் தெரியாதவன், முன்னால் வந்தான். "பாட்டி, எங்களை நிறுத்திட்டு ஒருத்தரை மட்டும் விட்டிருக்கீங்களே? அவரு யாரு, உங்க சொந்தக்காரரா?"

"யாரை?"

"அதோ, பின்னால ஓட்டுறாரே. பழைய மோட்டார் மாதிரி இருக்கு."

பதினொரு மோட்டாரும் அணைந்திருந்தன. சத்தம் வரிசைக்குப் பின்னால் கிட்டே வந்து, நம் நேருக்கு வந்து, வளைவுப் பக்கம் போனது. "லோரியா இருக்கும்" என்றான் ஒருத்தன். ஞாயிற்றுக்கிழமையில் லோரி ஏது? ராஜூ மட்டும் சாதாரணமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தயாளன் முகம் வெளுத்துப்போனது. ஆனால் வீம்பு விடவில்லை. "அந்தத் தாத்தா பிடிவாதமா போனாரு, விழுந்தாரு. அதுக்காக நாங்க காலம் பூரா தூறலைப் பார்த்துப் பயந்துகிட்டே இருக்கணுமா?"

பிடிவாதம். என் பேரன் வாயிலிருந்து, என் முன்னால்.

"அவரு பிடிவாதம் பிடிக்கல," என்றேன். "வேணாம்னு சொன்னவரு அவருதான். நான்தான் தாருல கையை வச்சு, காஞ்சிருக்குன்னு சொல்லி அனுப்பினேன். நீ ஓட்டணும்னு. உன்னைப் பார்க்க வந்த ஆளு திரும்பிப் போயிடக்கூடாதுன்னு."

தயாளன் என்னைப் பார்த்தான். "எனக்காகவா?" என்றான். அவன் மோட்டாரை உதைக்காமல், கையால் தள்ளிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனான். ஒவ்வொருத்தராக அவன் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். மழை கொட்டவே இல்லை.

நேற்று இரண்டு பஸ் மாறித் தங்கா பத்துவுக்குப் போனேன். அண்ணி அங்கே மகள் வீட்டில்தான் இருக்கிறார். பின்வாசலில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கிள்ளினேன். கிள்ளிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தாரில் கை வைத்தது, உங்களைக் கேலி செய்தது, ஊர் பேசியபோது வாயை மூடிக்கொண்டது.

அண்ணி கையை நிறுத்தவில்லை. "அப்ப உன் பேச்சைக் கேட்டுத்தான் போனாரா?" என்றார்.

"ஆமா அண்ணி."

"நாப்பத்தோரு வருசம் குடும்பம் பண்ணினேன். குடை எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னாக்கூட ஒரு நாள் கேட்டதில்ல அந்த மனுசன்."

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றும் சொல்லவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை. நெத்திலி தீரும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் யார் பேச்சையும் கேட்கிற ஆளில்லை. மானேஜர் சொல்லிக் கேட்டதில்லை, ஆபீஸ் கிராணி சொல்லிக் கேட்டதில்லை, அண்ணி சொல்லியும் கேட்டதில்லை. முப்பது வருடம் காட்டில் நான் ஒரு மரத்தைக் காட்டி இது தாங்காது என்றால் மட்டும் விட்டுவிடுவீர்கள், திரும்பிக் கேட்கமாட்டீர்கள். ஏன் என்று நானும் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

ஆனால் நான் சொன்னால் நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அண்ணே. அன்றைக்குக் குனிந்து தாரில் கையை வைத்தபோதும் எனக்கு அது தெரிந்திருந்தது.