பிடியரிசியும் ரெகொபெயாமும்

போன வாரம் தலையணை உறைக்குக் காடாத் துணி வாங்கலாம் என்று பெரிய கடைவீதிக்குப் போனேன். கடைக்காரர் கட்டைப் பிரித்து என் முன்னால் உதறியதும் கஞ்சி வாசம் குப்பென்று அடித்தது. அவ்வளவுதான், நீ வந்துவிட்டாய். செத்த பிறகும் என்னை நிம்மதியாக ஒரு துணி எடுக்க விடமாட்டாய் போலிருக்கிறது. நான் துணியைப் பிடித்தபடியே நின்றதைப் பார்த்து, மயக்கமோ என்று பயந்து அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, துணி வாங்காமலே திரும்பினேன். வீட்டில் மருமகள் கேட்டாள். சாயம் பிடிக்கவில்லை என்றேன். வெள்ளைக் காடாவுக்கு ஏது சாயம்? அவள் நல்ல பிள்ளை, மேலே கேட்கவில்லை.

அந்த வாசம்தான் உன் அறை முழுக்க அடித்தது, நாம் பைகள் தைத்த அந்த வருஷம். ஐம்பதுகளின் கடைசி. நீ ஸ்ரீரங்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். நான் ரயில்வே குமாஸ்தாவின் பெண்டாட்டி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. உறையூரில் நம் சின்னச் சபை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் கூட்டம். டவுன் பஸ்ஸில் பாலம் தாண்டி, கைவிரலில் சாக்பீஸ் தூளோடு நேராக அங்கே வந்து இறங்குவாய். உனக்காக நான் ஒரு செம்பில் தண்ணீரும் மூடிவைத்த காபியும் கொண்டுவருவேன். காபி ஆறிப்போச்சு என்று வாராவாரம் குறை சொல்லிக்கொண்டே குடிப்பாய்.

உலை வைக்க அரிசி களையும் முன் ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கென்று தனியே வைப்பது நம் வீடுகளின் வழக்கம். பிடியரிசி. வெள்ளிக்கிழமை அதை முந்தானையில் முடிந்தோ தகர டப்பாவில் போட்டோ எடுத்துவந்து, ஆலயத்தின் பக்கத்து அறையிலிருந்த பெரிய மண்பானையில் கொட்டுவோம். துணையில்லாத கிழவிகளுக்கும் நோயில் படுத்த வீடுகளுக்கும் அது போகும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பானைக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

நம் சங்கத்துக்குத் தலைவி கிடையாது. வாரம் ஒருத்தி நடத்துவாள், ஒரே சந்தைக்கடை. ஒருநாள் வேறொரு பெரிய சபையிலிருந்து பெண்கள் வந்தார்கள். ஒரே நிறப் புடவை, முன்னால் தலைவி, பின்னால் செயலாளர். அவர்கள் போனதும் நம்மவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எல்லாச் சங்கத்துக்கும் தலைவி இருக்கிறாள், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று பிடித்துக்கொண்டார்கள். நீ அப்போதுதான் இஸ்ரவேலின் ராஜாக்கள் பாடத்தைத் தொடங்கியிருந்தாய். மற்ற தேசத்தாரைப் போல எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் தீர்க்கதரிசி சாமுவேலிடம் போய் நின்ற இடம். நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். பாடத்தைக் கேட்கச் சொன்னால் நடித்தே காட்டுகிறீர்களே என்றாய். பிறகு யாரைத் தலைவியாக்குவது என்று பேச்சு வந்தபோது உன்னைக் காணவில்லை. அவர்களுக்கு முதல் ராஜாவாக வாய்த்த சவுல் மூட்டை முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொண்டானே, அதுபோல நீ பாய்கள் சுருட்டி வைத்திருந்த மூலையில் நின்றுகொண்டிருந்தாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

இதை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு. நீ ஆசைப்பட்டு ஏறியவள் இல்லை. முதல் வருஷம் நீ செய்தது கொஞ்சமா? சண்டைக்காரிகளைச் சமாதானப்படுத்தினாய். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய். பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் நடந்தாய். சவுலும் முதலில் நல்லவன்தான், அப்புறம்தான் கெட்டுப்போனான் என்று அடிக்கடி சொல்வாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

அப்புறம் உனக்குக் கட்டட ஆசை வந்தது. ஆலயத்தை ஒட்டிப் பெண்களுக்கென்று பெரிதாக ஓர் அறை. ஆசை நியாயமானதுதான், பானை இருந்த சின்ன அறையில் எல்லாருக்கும் இடம் போதாமல் மழைக்காலத்தில் வெளியே நின்று நனைந்திருக்கிறோம். அதற்காகப் பிடியரிசியைப் பெருக்க ஒரு வழி கண்டுபிடித்தாய். காடாத் துணி வாங்கி ஆளுக்கொரு பை தைத்து, சிவப்பு நூலில் பெயர் போட்டு, பானை இருந்த அறையின் சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினாய். அழகாகத்தான் இருந்தது. தன் பெயரை அப்போதுதான் கற்றுக்கொண்ட பெண்கள், சுவரில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தொங்குகிற பை தன் வயிற்றை எல்லாருக்கும் காட்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. அரிசி விலை ஏறியது. நூல் வரத்து நின்று உறையூரில் பல தறிகள் ஓய்ந்தன. ஞானம்மா வீட்டுத் தறியும் அதில் ஒன்று. வாயாடாத பெண், பின்வரிசையில் உட்காருவாள், பாட்டு மட்டும் பாடுவாள். அவள் பை வாராவாரம் ஒட்டிக்கொண்டே வந்தது. முதலில் வெள்ளிக்கிழமை வருவதை நிறுத்தினாள், பிறகு ஞாயிறும் காணோம். தெருக்குழாயடியில் பார்த்தபோது விசாரித்தேன். குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்:

"சாமிக்குக் கொஞ்சமா குடுக்க வெட்கமில்லைங்கக்கா. அது ஆணியில தொங்குறதப் பாக்கத்தான் வெட்கமா இருக்கு."

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பல பெண்கள் சேர்ந்து உன்னிடம் வந்தார்கள். பைகளை எடுத்துவிட்டுப் பழையபடி பானையை வைக்கச் சொல்லிப் பணிவாகத்தான் கேட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக அனுப்பிவிட்டாய்.

நடுவில் சனிக்கிழமை வந்தது. நானும் நீயும் ஸ்ரீரங்கத்தில் உன் கூட வேலை பார்த்த டீச்சர் வீட்டுச் சீமந்தத்துக்குப் போய்விட்டு வந்தோம். பஸ் வரவில்லை, பாலத்தில் நடந்தோம். கீழே காவிரி வெறும் மணல். பெண்கள் ஊற்றுத் தோண்டி, தண்ணீர் சுரக்கக் காத்துக் குந்தியிருந்தார்கள். அதைக் காட்டித்தான் பேச்சை எடுத்தேன். பையை எடுத்துவிடு, அறை இன்னும் கொஞ்ச வருஷம் கழித்து எழும்பட்டும் என்றேன். உனக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீ யாரு கண்ணக் கசக்கினாலும் கரைஞ்சிடுவ. இப்படிக் கரைஞ்சா ஒரு செங்கல் எழும்பாது."

"செங்கல் எழும்பி உள்ள உட்கார ஆள் வேண்டாமா?" என்று கேட்டேன். பாலம் முடிகிறவரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாய். மலைக்கோட்டைப் பக்கம் திரும்பும் இடத்தில், போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிப் போனாய். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அந்த வாரம் காபி போட்டுக் கொண்டுவரக் கூடாது என்று முடிவு செய்தேன். கொண்டுவரவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, பதிலுக்குக் காத்திருந்தவர்கள் முன்னால் எழுந்து நின்றாய். அறைமேல் உன்னைவிடப் பித்தாக இருந்த இரண்டு பேர் உன் இருபுறமும் உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்க மனசு இருந்தால் பை தானாக நிறையும் என்றாய். இன்னும் பெரிய பை தைக்கலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாய். ஒவ்வொருத்தியாக எழுந்து தன் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் வேறொரு சபையின் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள், சிலர் வீட்டோடு நின்றுவிட்டார்கள். சுவரில் பாதிக்கு மேல் வெறும் ஆணி.

உன் நல்ல குணம் ஒன்று, பாடத்தைத் தாண்டிப் போகமாட்டாய். தாவீதை முடித்தாய். தன் பாவத்தை நேருக்கு நேர் எடுத்துச் சொன்ன தீர்க்கதரிசி நாத்தானைத் தாவீது துரத்தவில்லை, தலை குனிந்தான், அதுதான் அவன் பெருமை என்றாய். நான் உன்னையே பார்த்தேன், நீ என் பக்கம் திரும்பவில்லை. சாலொமோனின் மாளிகைகளை முடித்தாய். கடைசியில் அவன் மகன் ரெகொபெயாமிடம் வந்தாய். அன்று அறையில் விரல்விட்டு எண்ணிவிடும் கூட்டம்.

அப்பன் கட்டிய கட்டடங்களுக்காகச் சுமந்து சுமந்து முதுகு ஒடிந்த ஜனங்கள் மகனிடம் வந்து நுகத்தைக் கொஞ்சம் லேசாக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று சொன்னாய். பதில் சொல்ல ராஜா மூன்று நாள் தவணை கேட்டான் என்றாய். அந்த வார்த்தையோடு நின்றுவிட்டாய். பெரியவர்கள் இரங்கச் சொன்னதும், கூட வளர்ந்தவர்கள் இறுக்கச் சொன்னதும், தேசம் இரண்டாகப் போனதும் உனக்கு மனப்பாடம். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. சுவரைப் பார்த்தாய். பொட்டு ஈரம் இல்லாத குரலில், என்னைப் பார்த்துத்தான் சொன்னாய்:

"சவுல் மாதிரி ஆயிடக் கூடாதுன்னு தினமும் ஜெபம் பண்ணேன்டி. இந்தப் பயலப் பத்தி ஜெபம் பண்ணணும்னு தோணவே இல்ல."

கூட்டத்தை அதோடு முடித்தாய். மிச்சப் பைகளை நீயே கழற்றி மடித்தாய். ஆணிகளைப் பிடுங்க முடியாமல் விரலில் காயம் பட்டுக்கொண்டாய். நான் சுத்தியல் வாங்கிவந்து பிடுங்கினேன். நாம் பேசிக்கொள்ள ஆரம்பித்தது அப்படித்தான்.

மறுநாள் உச்சிவெயிலில் ஞானம்மா வீட்டுக்குப் போனோம். தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தறிச் சத்தம். அவள் பதறிப் பாய் விரித்தாள். நீ பாயில் உட்காரவில்லை. ஓய்ந்து கிடந்த தறிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாய். பேசினது தப்பு, பைகளை எடுத்துவிட்டேன், நீ வராவிட்டாலும் இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றாய். சரித்திர டீச்சர் அப்படித் தரையில் உட்கார்ந்து பேசுவதை அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. அடுப்பங்கரைக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"வர ஆசைதாங்க டீச்சர். வெறுங்கையோட எப்படி வர்றது?"

நீ என் முகத்தைப் பார்த்தாய், ஓய்ந்த தறியைப் பார்த்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்.

"வெறுங்கையோடயே வா. பானை வாய்க்குத் துணி போட்டு மூடிடறேன். எல்லாரும் துணிக்குள்ள கைய விடட்டும். போடறவங்க போடட்டும், எடுக்கறவங்க எடுக்கட்டும். நான் பக்கத்துல நிப்பேன், பாக்க மாட்டேன்."

ஞானம்மா உட்கார்ந்து அழுதாள். நீயும்தான். நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். ஆனால் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எழுதினால் நீ என்னைத் திட்டுவாய். வேறு கூட்டத்துக்குப் போனவர்களில் பலர் போனது போனதுதான். அறைக்காகத் துடித்த அந்த இருவரும் உன்னிடம் கோபித்துக்கொண்டு விலகினார்கள். அந்த அறை நம் காலத்தில் எழும்பவே இல்லை. பிரிந்த கோத்திரங்கள் வேதத்திலும் திரும்பி ஒன்றாகவில்லை. அதைச் சொல்லி உன்னைத் தேற்றப் பார்த்தேன், அது தேற்றுகிற விஷயமா என்று கேட்டாய். தலைவி பதவியை விட்டாய். பழையபடி வாரம் ஒருத்தி, பழையபடி சந்தைக்கடை. நீ பானைக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி ஜன்னலைப் பார்த்து நிற்பதோடு சரி.

ராஜாக்கள் பாடத்தை மட்டும் விடவில்லை. ஆகாபையும் யோசியாவையும் தாண்டி, பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனது வரை நடத்தினாய். முடிந்ததா என்று கேட்டேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் குனிந்து தம் சீஷர்கள் காலைக் கழுவினாரே, அந்த ராஜாவிடம்தான் முடிகிறது என்றாய்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் காசம் என்று வந்து, நெடுநாள் சம்பளமில்லா விடுப்பில் படுத்தார் அல்லவா. நகை போனது, பித்தளைப் பாத்திரம் போனது. உன்னிடம் வாய் திறக்க என்னால் முடியவில்லை, உன்னிடம் மட்டும் முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வரிசையில் நின்று துணிக்குள் கையை விட்டேன். பிடி நிறைய எடுத்து முந்தானைக்குள் மறைத்தேன். அந்த அரிசியின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. என் காலடிச் சத்தத்தை வைத்தே நான்தான் என்று சொல்லுகிறவள் நீ. அன்று ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றாய். உனக்குத் தெரிந்திருந்ததா? நீ இருந்தவரை நான் கேட்கவில்லை, நீ காட்டிக்கொள்ளவும் இல்லை. அவர் பிழைத்து எழுந்தார், மேலும் பல வருஷம் இருந்தார். அந்தக் கஞ்சியில்தான் எழுந்தார்.

உன் அடக்க ஆராதனையில் உன் படிப்பைப் பற்றிப் பேசினார்கள், வேத அறிவைப் பற்றிப் பேசினார்கள். யாரும் இதைப் பேசவில்லை. பேசவும் முடியாது, எடுத்தவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாதே.

நீ நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். திரும்பிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரிகிறது. எனக்குக் கழுத்து வலிக்கிறது, மனசு அரிக்கிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு கை உள்ளே போனது, சட்டென்று வெளியே வரவில்லை. கண்ணாடி வளையல் ஒன்று உரசியது. இன்னும் ஒரு முறை அது குலுங்கினால் யாருடைய கை என்று எனக்குத் தெரிந்துவிடும். என் குரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், பாடகர் குழுவில் என்னைச் சேர்க்கவே மாட்டேன் என்று சொன்னவள் நீ. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அறையே அதிர, நான் பாட ஆரம்பித்தேன்.