கூழ் குடித்த கறுப்பி

6.8.61 ஞாயிறு

சரியான வெயில். விடிய முதலே தெற்கிலிருந்து சோழகக் காற்று தொடங்கிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை, மூன்றாம் நாள்.

என் கார் கறுப்பியைக் கொட்டிலிலிருந்து வெளியே தள்ளினேன். நாலு மாதத் தூசி. பின் சீற்றில் கோழி முட்டை ஐந்து. முப்பத்திநாலாம் ஆண்டு மொடல், என்றாலும் எஞ்சின் தங்கம்.

24ஆம் திகதி வவுனியாவில் மச்சாளின், பெண்சாதி பூமணியின் தங்கச்சியின், கலியாணம். பூமணியைக் கறுப்பியில் என் பக்கத்தில் இருத்தி, அவளுடைய ஆட்கள் எல்லாரும் பார்க்கக் கொண்டுபோய் இறக்கவேண்டும். வேறு ஆசை இல்லை. ஆனால் அவள் பஸ்ஸில் போகிறாளாம். சொன்னது எனக்கல்ல, மாட்டுக்கு.

சித்திரையிலிருந்து இப்படித்தான். சோறு போடுவாள், உடுப்புத் தோய்ப்பாள். கதை மட்டும் மாடு சிவப்பியோடு. பெண்சாதி சொல்வதைக் கேட்க மாட்டுக்கொட்டில் பக்கம் போய் நிற்கிறேன்.

பிழை என்னுடையதுதான். றேடியேற்றரில் ஒழுக்கு. கொஞ்சம் மா போட்டால் அடைபடும் என்று ஒரு பஸ் சாரதி சொன்னார். வீட்டில் இருந்தது பனங்கிழங்கு காயவைத்து இடித்த ஒடியல் மா. ஒரு சுண்டு நிறையப் போட்டேன். கணக்கும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறவன்! கொதிதண்ணீரில் ஒடியல் மா போட்டால் என்ன வரும் என்று எங்கள் ஊரில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். வருசப்பிறப்பன்று அவள் தாய்வீட்டு வாசலில் போய் நின்று, ஆவி பறக்க மூடியைத் திறந்தேன். கூழ்! பக்கத்தில் நின்ற பூமணியின் கூறைச்சேலை முழுக்கக் கூழ்.

அவளுடைய தமையன்: "மச்சான், கூழ் சரி. அதுக்குப் போடுற மீன் எங்கை?"

முழு வீடும் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

8.8.61 செவ்வாய்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

பஸ்ஸில் வவுனியா. கரீம் நானாவின் பழைய இரும்புக் கடை. காடு வெளியாக்க வந்த சின்னப் புல்டோசர் ஒன்று, பின்பக்கம் பாலைமரம் விழுந்து நசுங்கிக் கிடக்கிறது. முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. றேடியேற்றர் புதுசு மாதிரி. அதோடு ஆறு இலைக் காற்றாடியும். கறுப்பியின் பழைய காற்றாடிக்கு நாலே நாலு இலை.

நானா: "மாஸ்டர், இது யானைட சாமான். உங்கட ஆட்டுக்குட்டிக்குப் போடப் போறீங்களா?"

இன்னொரு புதினமும் சொன்னார். கொழும்பில் ஒரு துரையின் காருக்குள் குளிர் மெஷினாம். றேடியேற்றருக்கு முன்னால் இன்னொரு குட்டி றேடியேற்றர் வைத்திருக்கிறார்களாம். உள்ளே இருந்தால் ஐஸ்பெட்டிக்குள் இருக்கிற மாதிரியாம். வரும் வழி முழுக்க அதே நினைவு. கறுப்பிக்குள் குளிர்! பூமணி போர்த்துக்கொண்டு இருப்பாள்!

வீட்டில் வாய் அடங்காமல் சொன்னேன். பதில் மாட்டுக்கொட்டிலில்: "கேட்டியே சிவப்பி, குளிராம். முதல்லை கூழ் காய்ச்சாமல் ஓடட்டும்."

12.8.61 சனி

அளவு:
உயரம், நாலு அங்குலம் கூட.
அகலம், இரண்டு அங்குலம் கூட.
குழாய் வாய், பொருந்தாது.
பொனற், மூடாது.

பரவாயில்லை. கொல்லர் செல்லையா அண்ணை முன் சட்டத்தை அரிந்து, இரும்பு வளைத்து, முன்னுக்குத் தள்ளிப் பூட்டித் தந்தார். குழாய்க்கு இடையில் சைக்கிள் ரியூப் சுற்றிக் கம்பியால் இறுக்கினேன். காற்றாடிக்கு நாலு ஓட்டை புதிதாகத் துளைத்தோம். பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. வலியே தெரியவில்லை.

பக்கத்து வளவு கந்தையா அண்ணை வேலிக்கு மேலால்: "மாஸ்டர், கறுப்பிக்கு மூக்கு வளந்திட்டுது."

பழைய காற்றாடியைப் பூமணி எடுத்துப்போய் பயற்றங்கொடிப் பந்தலில் கட்டிவிட்டாள். அணிலுக்கு வெருளி. சோழகத்துக்குக் கடகடவென்று சுற்றுகிறது.

16.8.61 புதன்

தண்ணீர் பதினைந்து போத்தல் பிடித்தது. முன்பு எட்டு.

மு.ப. 10: எஞ்சின் ஸ்ராட்.
10.30: கொதிக்கவில்லை.
11: கொதிக்கவில்லை!!

நடு வெயிலில், நின்ற இடத்தில், ஒரு மணித்தியாலம்! பழைய கறுப்பி என்றால் பத்து நிமிடத்தில் கேத்தில் மாதிரிக் கூவும். முன்னால் போய் நின்றேன். என்ன காற்று! உடுத்திருந்த சாரம் படபடவென்று அடித்தது. காற்றாடி என்றால் இதுதான் காற்றாடி. துள்ளிக் குதிக்காத குறை.

பூமணி குசினி யன்னலால் பார்த்தாள். நான் பார்த்ததும் முகத்தை எடுத்துவிட்டாள். பார்த்தாள்தானே!

18.8.61 வெள்ளி

நாசம்.

வவுனியா றோட்டில் ஓட்டிப் பார்த்தேன். முறிகண்டி தாண்டி நாலு மைல். கொதித்துப் பொங்கி றோட்டெல்லாம் ஆவி. நின்றால் கொதிக்காத கார் ஓடினால் கொதிக்கிறது! உலகத்தில் எங்கேயும் உண்டா? ஆறவிட்டுத் திருப்பினேன். திரும்பி வரும்போது கொதிக்கவில்லை. அதே றோட்டு, அதே வேகம், அதே வெயில். தலை வெடிக்கிறது.

கந்தையா அண்ணை: "போகேக்கை முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சனீரோ?"

"இல்லை அண்ணை, அவசரத்திலை..."

"பின்னை என்ன கேள்வி?"

19.8.61 சனி

தேங்காய் உடைத்தேன், இரண்டு. அதே இடத்தில் கொதித்தது. பிள்ளையாரில் பிழை இல்லை.

இன்னும் ஐந்து நாள். பூமணி றங்குப்பெட்டியைத் தூசி தட்டி வைத்திருக்கிறாள். பஸ் நேரத்தைச் சிவப்பிக்குச் சொன்னாள். காலை ஆறரையாம். கார் போனால் போகட்டும். தங்கச்சி கலியாணத்துக்கு அவள் ஒரு வழி, நான் ஒரு வழி என்று போய் நின்றால் அவளுக்கு என்ன மரியாதை? எனக்கு என்ன மரியாதை? அவள் குரல் எனக்கென்று கேட்டு நாலு மாதம்.

20.8.61 ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதவேண்டும்.

சிறுபோக நெல் வந்துவிட்டது. பூமணி முற்றத்தில் சுளகோடு நின்று தூற்றிக்கொண்டிருந்தாள். நான் கறுப்பியை அவள் பக்கம் முகம் பார்க்க விட்டு, பத்தாம் தரமோ பதினோராம் தரமோ எஞ்சினை ஸ்ராட் பண்ணினேன். அவளுடைய பதரெல்லாம் குப்பென்று எழும்பி அவள் முகத்திலேயே போய் விழுந்தது. போச்சு, இன்னும் நாலு மாதம் என்று நினைத்தேன்.

அவள் ஏசவில்லை. சுளகைக் கீழே வைத்தாள். ஒரு பிடி பதர் அள்ளி வந்து கறுப்பியின் மூக்குக்கு முன்னால் போட்டாள். வெளியே பறந்தது. இன்னொரு பிடி. அதுவும் வெளியே. பிறகு மாட்டைப் பார்த்து:

"சிவப்பி, இந்தக் கறுப்பி காத்தை வெளியாலை ஊதுது. ஓடேக்கை சோழகம் உள்ளுக்கு வரப் பாக்கும், இவ விடமாட்டா. எதிர்க்காத்திலை நிண்டு தூத்துற விசரர் ஆரும் இருக்கினமே?"

ஐயோ. ஐயோ!

புல்டோசர் ஆமை வேகத்தில் ஊர்கிற சாமான். அதன் காற்றாடி முன்னுக்கு ஊதும், புழுதியைத் தள்ள. காருக்கு உள்ளே இழுக்கவேண்டும். வவுனியா போகும்போது சோழகம் எதிரே. ஓட்டக் காற்றும் எதிரே. வாசலில் இரண்டு காற்றும் மல்லுக்கட்டினால் றேடியேற்றருக்கு ஏது காற்று? திரும்பும்போது சோழகம் முதுகில், அதனால் கொதிக்கவில்லை. நின்றாலும் கொதிக்காது. எல்லாம் சரி, எல்லாம் சரி! பதினாலு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த மடையன், காருக்கு முன்னால் நின்று சாரம் பறந்ததைக் கண்டும் யோசிக்கவில்லை.

பழைய காற்றாடியைக் கழற்றப் பயற்றம்பந்தலுக்கு ஓடினேன். அங்கே இல்லை. திரும்பினால் கறுப்பியின் பொனற்றுக்கு மேல் இருக்கிறது. துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசி. குசினிக்குள் பாத்திரச் சத்தம்.

கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க் கையால் துடைத்து அதுவும் எரிந்தது.

21.8.61 திங்கள்

பழைய காற்றாடி, புது றேடியேற்றர். பதர் சோதனை: உள்ளே போய் ஒட்டுகிறது!

மாங்குளம் போய் வந்தேன். எதிர்க்காற்று, முப்பத்தைந்து மைல் வேகம். மாங்குளத்தில் இறங்கி றேடியேற்றரில் கை வைத்தேன். வைத்துக்கொண்டே பத்து வரை எண்ணலாம். நடு றோட்டில் தனியாக நின்று சிரித்தேன். மாடு மேய்க்கிறவர் ஒருவர் தள்ளிப் போனார்.

வீட்டில் சத்தமாகச் சிவப்பிக்குச் சொன்னேன்: "கறுப்பி கொதிக்கேல்லை. மூளை ஆரின்ரை எண்டு தெரியும்தானே?" மாடு அசை போட்டது. குசினியில் சிரிப்பு. சத்தியமாகச் சிரிப்பு.

23.8.61 புதன்

மு.ப. 5.50. மூடாத பொனற்றைக் கயிற்றால் கட்டியாயிற்று. தண்ணீர் நிரப்பியாயிற்று. பெட்டி ஏற்றியாயிற்று. அவளுடைய பெட்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் முற்றத்தில் நின்றேன்.

வந்தாள். கூறைச்சேலை! கலியாணம் நாளைக்குத்தான். இன்றைக்கே உடுத்திருக்கிறாள். கூழ்க் கறை போகவில்லை, கொய்யக மடிப்புக்குள் மறைத்து விட்டிருக்கிறாள். சிவப்பிக்கு வைக்கோல் போட்டாள், ஒரு கதை இல்லை. நேரே வந்து முன் கதவைத் திறந்து ஏறினாள்.

"இஞ்சாருங்கோ, முறிகண்டியிலை நிப்பாட்டுங்கோ. தேங்காய் நான் உடைக்கிறன்."

எனக்கு! எனக்குத்தான்!

கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி, இதை எழுத உள்ளே ஓடிவந்தேன். ஹோர்ண் அடிக்கிறாள். மூன்றாம் தரம்.