கொரியாவில் தங்கும் முகவரி

உடோன் தானி,
தாய்லாந்து,
ஜனவரி 12, இரவு

என் அம்மாவுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிரில் காலுறை போட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். நான் நலமாக இல்லை.

இதைப் போர்வைக்குள் இருந்து போனில் எழுதுகிறேன். பெரியம்மா அடுத்த பாயில் படுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வதால் அப்போது சொல்ல முடியாது. படித்ததும் அழித்துவிடு.

அம்மா, நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

மார்ச் மாதம் எங்கள் கொரிய மொழி வகுப்பு சியோலுக்குப் போகிறது இல்லையா? விசா வேண்டாம். ஆனால் கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். அது இல்லாவிட்டால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்களாம். இன்று ஆரீ டீச்சர் எல்லாரையும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைத்து விண்ணப்பம் போடச் சொன்னார். கொரியாவில் தங்கும் முகவரி என்று ஒரு கேள்வி, அங்கே யாரைத் தொடர்புகொள்வது என்று இன்னொரு கேள்வி. ஓட்டல் பெயரையும் வழிகாட்டியின் எண்ணையும் டீச்சர் போர்டில் எழுதிப் போட்டார்.

"இங்க இருக்கிறத அப்படியே அடிங்க. தயவுசெஞ்சு யாரும் சொந்த மூளைய உபயோகிக்காதீங்க."

நான் உபயோகித்தேன். பக்கத்தில் இருந்த என் தோழி கேம், "நல்லவேளைடி, அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாது. இஷ்டத்துக்கு ஆடலாம்" என்றாள். எனக்குத் தெரியுமே என்று நினைத்தேன். நீ அனுப்பும் பார்சல் மேல் இருக்கும் முகவரி எனக்கு மனப்பாடம். நோன்சான், ஸ்ட்ராபெரி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் இருக்கும் அந்தச் சந்து, உன் முழுப் பெயர், உன் எண் எல்லாவற்றையும் அடித்து அனுப்பிவிட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று திரையில் வந்த பிறகுதான் அதைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

நீ போனபோது இந்த அனுமதி எல்லாம் கிடையாது. ஐந்து நாள் சுற்றுலா என்று போய் அங்கேயே நின்றுவிட்டாய். உள்ளே வந்தவள் வெளியே போகவில்லை என்று உன் பெயர் அவர்களிடம் இன்னும் இருக்கும். அனுமதி இல்லாமல் அங்கே ஒளிந்து வேலை செய்யும் உங்களை எல்லாம் இங்கே குட்டிப் பேய்கள் என்று சொல்கிறோம். பேய் எந்த வீட்டில் ஒளிந்திருக்கிறது என்று பேய் பிடிப்பவனுக்கே நான் எழுதிப்போட்டுவிட்டேன்.

இன்றைக்கே அங்கிருந்து போய்விடு. சிம் கார்டைத் தூக்கிப் போடு. பெரியம்மாவிடம் சொல்லாதே.

உன்
பைத்தோய்


நோன்சான்,
ஜனவரி 13

என் தங்கத்துக்கு,

முதலில் மூச்சு விடு. விட்டாயா? இப்போது படி.

மத்தியானம் பழம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது உன் கடிதத்தைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னோடு வேலை செய்யும் வாசனா அக்கா, "என்னடி, ஓடிப்போன புருஷன் திரும்பி வந்துட்டானா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். "ஒம் பொண்ணு பேய் பிடிக்கிறவனுக்கே விலாசம் போட்டுக் குடுத்துட்டாளா!" என்று பெட்டி மேல் விழுந்து விழுந்து சிரித்தாள். சாயங்காலம் தன் துணிப் பையை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். தங்கைக்கு உடம்பு சரியில்லையாம்.

நானும் கொஞ்ச நாளைக்கு வேறு அறையில் படுத்துக்கொள்கிறேன். இங்கே தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. அதனால்தான், வேறு ஒன்றும் இல்லை.

தினமும் எத்தனை ஆயிரம் பேர் விண்ணப்பம் போடுவார்கள்! இந்தச் சந்துக்குள் உன் அம்மாவைத் தேடி யார் கிளம்பி வரப்போகிறார்கள்? சிம் கார்டை மட்டும் தூக்கிப்போட மாட்டேன். அதில்தானே நீ கூப்பிடுவாய்.

அனுமதி வந்துவிடும். சந்தோஷமாக வா, எல்லாரோடும் சுற்று. என்னைப் பார்க்க ஆசைப்படாதே, அது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. ஆனால் சியோலில் அரண்மனையைச் சுற்றிப் பார்க்க எந்த நாள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லி வை. அந்தப் பக்கம் எனக்கு ஏதாவது வேலை இருந்தாலும் இருக்கும்.

பெரியம்மாவிடம் வம்பு பண்ணாதே.

முத்தங்களுடன்,
அம்மா


உடோன் தானி,
ஜனவரி 16, இரவு

அம்மாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. எனக்கு அனுமதி இல்லை. காரணமும் போடவில்லை, ஒரே ஒரு வரிதான்.

வகுப்பில் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. கிடைக்காதது எனக்கும் ஆரீ டீச்சருக்கும் மட்டும்! அவர் ஓட்டல் முகவரியை எழுத்துப் பிசகாமல் அடித்தவர். டீச்சர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எனக்கு நாப்பது வயசு, கல்யாணம் ஆகல, வாத்தியார் சம்பளம். அங்கேயே ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுவேன்னு நெனச்சுட்டாங்க. நெனச்சதுல ஒண்ணும் தப்பில்ல." எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒரு பையன், "டீச்சர விடுங்க, பைத்தோய் ஏன் போகலேன்னு ஊருக்கே தெரியும். பேயோட குட்டிய எவன் உள்ள விடுவான்?" என்றான். கேம் அவன் மண்டையில் புத்தகத்தால் அடித்தாள். ஆனால் அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. முகவரி விஷயம் தெரியாது, அனுமதி கிடைக்காதது மட்டும்தான். "போகட்டும் விடு. ஒங்கம்மா கட்டுற வீட்டுக்கு ஜன்னல் வைக்கிறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பழம் பறிக்கணும். வீடு முடிஞ்சா அவளே வருவா" என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. இதை நீ இரண்டாவது தடவை படிக்கக் கூடாது.

பெருமைக்காக மட்டும் நான் அந்த முகவரியை அடிக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் என் கை நின்றது. இதைப் பார்த்து உன்னைப் பிடித்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. தோன்றிய பிறகுதான் அழுத்தினேன். கை தவறி அழுத்தவில்லை.

பிறகு பயம் வந்துவிட்டது. உன்னை அவர்கள் கையைப் பிடித்து இழுத்துப்போவது போலக் கனவு வருகிறது. என்னை மன்னிக்க வேண்டாம், பத்திரமாக இருந்தால் போதும்.

பைத்தோய்


ஜனவரி 26, இரவு

அம்மா,

ஏன் எழுதவில்லை? ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டால் கொரியக்காரி ஒருத்தி ஏதோ சொல்கிறாள். நான் படித்த கொரிய மொழியில் அது புரிகிறது, போன் அணைந்திருக்கிறதாம்.

"சீசன்ல இப்படித்தான், கொன்னு எடுப்பானுங்க" என்று பெரியம்மா சொல்கிறார். ஆனால் இன்று கோயிலுக்கு இரண்டு முறை போய்விட்டு வந்தார்.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. திட்டி எழுது. பிடித்துவிட்டார்கள் என்றால், அங்கே யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், என் அம்மா பழம் மட்டும்தான் பறித்தாள் ஐயா. அவளை அடிக்காதீர்கள்.

பைத்தோய்


பிப்ரவரி 2

என் தங்கமே, என் உயிரே,

என்னை யாரும் பிடிக்கவில்லை. இதை முதலில் மூன்று தடவை படி.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு போனை அணைத்துவிட்டேன். கோபத்தினால் இல்லை. நீ கூப்பிட்டால் அழுதுவிடுவேன், அழுதுகொண்டே முடிவு எடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நீ பயந்து சாவாய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது. திட்ட வேண்டியது நீ.

நீ சொன்னதை நானும் சொல்கிறேன், வாசனாவிடம்கூடச் சொல்லாதது. சந்துக்குள் தெரியாத வண்டி வந்தால் எல்லாரும் கூடாரத்துக்குப் பின்னால் ஓடுவோம். வயல் வரப்பில் செருப்பில்லாமல் ஓடுவேன். ஓடும்போது பாதி மனசு இன்னும் வேகமாக ஓடு என்னும், மீதி மனசு தடுக்கி விழுந்து தொலையேன் என்னும். பிடித்தால் வீட்டுக்குப் போகலாமே என்றுதான். இத்தனை வருஷமாக நான் நினைத்ததை நீ ஒரு நிமிஷம் நினைத்தாய். அதற்கா உனக்குக் கெட்ட கனவு?

உன்னை நிறுத்தியது அந்த முகவரியா, வேறு எதுவா, எனக்குத் தெரியாது. ஆனால் ஐந்து நாள் என்று சொல்லிவிட்டு வந்து தங்கிவிட்ட என்னைப் போன்றவர்களால்தான் அந்தச் சோதனையே வந்தது. டீச்சரையும் உன்னையும் வாசலில் நிறுத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. டீச்சரிடம் இதைச் சொல்லாதே, வந்து நானே சொல்கிறேன்.

ஆமாம், வருகிறேன். நானாகவே போகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் இங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முதலாளியிடம் சொன்னதும் குதித்தார். "பழம் சிவந்து நிக்கிற நேரத்துல போறேங்கறியே, நீயெல்லாம் மனுஷியா?" என்றார். பேய்தானே ஐயா என்று வாய் வரைக்கும் வந்தது. கடைசியில், "ஒன்ன மாதிரி இன்னொருத்தி கெடைப்பாளா?" என்று கேட்டார். கிடைக்க மாட்டாள் என்றேன்.

குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. ஏன் இப்போது போகிறாய் என்று கேட்டால் சொல்ல நிறையப் பொய் யோசித்து வைத்திருந்தேன். கேட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைக் கொரிய மொழியில், "எம் பொண்ணால உள்ள வர முடியல. அதான் நான் வெளிய போறேன்" என்றேன். அவள் எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவால் காட்டினாள். இனி பல வருஷத்துக்கு என்னையும் இங்கே விடமாட்டார்கள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து தள்ளுபடி!

ஜன்னல் இல்லாமல்தான் புது வீட்டுக்குக் குடிபோகப்போகிறோம். ஜன்னல் இடத்தில் கோணி கட்டிக்கொள்ளலாம். கொசு கடித்தால் பெரியம்மா திட்டுவார், இரண்டு பேருமாக வாங்கிக்கொள்வோம்.

யாராவது கேட்டால், "பிடிச்சு அனுப்பிட்டாங்க" என்று நீ சொல்லக் கூடாது, உன் மனசுக்குள்ளும் சொல்லிக்கொள்ளக் கூடாது. அம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்கால விமானத்தில் உடோனில் இறங்குவேன். பெரியம்மாவோடு வா. நான் முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறேன், வெயிலில் கறுத்திருக்கிறேன். உனக்குச் சட்டென்று அடையாளம் தெரியாமல் போகலாம். தெரிந்ததும் பின்னாலிருந்து மட்டும் கூப்பிட்டுவிடாதே. இங்கே வந்த பழக்கம், திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடுவேன். எனக்கு முன்னால் வந்து நில்.

அம்மா