கல்லில் அடித்த என் தேதி

12 ஜூன் 1998, வெள்ளி, இரவு

இன்று நடந்ததை ஓர் ஈ, எறும்புகூட நம்பாது. ஆகவே முதலிலேயே சத்தியம் செய்துவிட்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். வாசல் சுவரில் பதிக்க மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவரிடம் கல்வெட்டு சொல்லியிருந்தேன். வருங்காலச் சரித்திரத்துக்கு உதவட்டும் என்று என் பெயர், பிறந்த தேதி, அதன் கீழே கிரகப்பிரவேசத் தேதி எல்லாம், எது எதற்கென்று குறிக்காமல், எழுதிக் கொடுத்தேன். காலையில் கல் வந்து இறங்கியது. அக்கா கோணியைப் பிரித்தாள். பிறந்த தேதிக்கு முன்னால் ‘தோற்றம்’. ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்கு முன்னால் ‘மறைவு’.

அக்கா போட்ட கூச்சலில் சதுரங்கப்பட்டினக் கோட்டையில் மிச்சமிருந்த செங்கல்லும் உதிர்ந்தது. கடல் இரண்டு மைல் பின்வாங்கியது.

கல்லோடு வந்த சிற்பி அசரவில்லை. “பொறந்த தேதிக்குக் கீழ இன்னொரு தேதி இருந்தா வேற இன்னா அண்ணாத்த? இருபது வருசமா அப்டித்தான் அடிச்சிகினு கீறேன்.”

“ஞாயித்துக்கெழம இன்னும் வரவே இல்லியேய்யா!” என்றாள் அக்கா.

“டாக்டரு கெடு சொல்லிட்டாருன்னு நெனச்சேன்மா.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “கிரகப்பிரவேசத்த அடுத்த மாசம் வச்சிக்கலாம். ஞாயித்துக்கெழம முழுக்க என் கண்ணு முன்னாலயே குந்தினு இருடா.”

சகுனம், ராகுகாலம் என்றால் ஊரையே கேலி செய்பவன் நான். கோட்டையும் கடலும் நானாகச் சேர்த்தவை. ஆனால் அக்கா சொல்லி முடிப்பதற்குள் சரி சரி என்று தலையாட்டினேன். அது நிஜம்.